நாலு நாள், நாலு தலைநகரம், ஒரு கடிகாரம்

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு செலக்ட் ஆகி, விசாவும் கைக்கு வந்ததும் நீங்க முதல்ல என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியும். அங்கே என்னென்ன பாடம் இருக்குன்னு பார்க்க மாட்டீங்க. மேப்பைத் திறந்து, போகப்போற ஊரிலிருந்து பக்கத்து நாடு எத்தனை கிலோமீட்டர்னு அளப்பீங்க. நானும் அதைத்தான் செய்தேன். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த மேப்பை வைத்துப் போட்ட பிளான் கடைசியில் என்ன ஆனது என்று சொன்னால், அடுத்த வருஷம் போகிற ஜூனியர்களுக்குக் கொஞ்சம் உதவும் என்று தோன்றியது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எனக்குக் கிடைத்த ஊர் டிரெஸ்டன். ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், எல்பே ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் செக் நாட்டின் தலைநகர் பிராக். அங்கிருந்து நாலு மணி நேரத்தில் ஆஸ்திரியாவின் வியன்னா. அடுத்த மூன்று மணி நேரத்துக்குள் ஹங்கேரியின் புடாபெஸ்ட். திரும்பி வருகிற வழியில் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா. மதுரையில் இருந்து சென்னைக்குப் போகிற நேரத்தில் இங்கே மூன்று நாட்டு மண்ணைத் தொட்டுவிடலாம். எல்லாமே ஷெங்கன் நாடுகள் என்பதால் தனி விசா வேண்டாம். பாஸ்போர்ட்டும், ஜெர்மனியில் கொடுக்கிற தங்கும் அனுமதி அட்டையும் கையில் இருந்தால் போதும். சொல்லுங்க, இதைக் கேட்ட பிறகு ரூமில் உட்கார்ந்து படிக்கத் தோன்றுமா?

மே மாதம் பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி ஒரு வாரம் லீவு விட்டார்கள். லேப் ரிப்போர்ட்டுக்குக் கொடுத்தது போக, எனக்கு மிஞ்சியது நாலு நாள். கையில் மிச்சம் பிடித்து வைத்திருந்தது முந்நூறு யூரோ. அப்பாவிடம் கேட்க மனசு வரவில்லை. அவர் விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் பேட்டரி மாற்றுவதும் ஸ்ட்ராப் மாற்றுவதும்தான் வேலை. விசாவுக்கு அக்கவுண்டில் பணம் காட்ட வேண்டியிருந்ததால் அம்மாவின் நகை ஏற்கனவே பேங்குக்குப் போயிருந்தது.

அதனாலேயே எனக்குள் ஒரு வெறி. இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கிறோம், இனி எப்போது வருவோமோ தெரியாது, முடிந்த அளவு பார்த்துவிட வேண்டும். எக்செல் ஷீட் போட்டேன். காலை ஆறு மணி முதல் இரவு பதினொன்று வரை, அரை மணிக்கு ஒரு வரிசை. நாலு நாளில் நாலு தலைநகரம், மொத்தம் 37 இடம். என்னோடு வந்த நண்பன், நம்ம காலேஜ் சிவில் டிபார்ட்மென்ட்காரன், அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"மாப்ள, இதுல பாத்ரூம் போறதுக்கு ரோ எங்கடா?"

முதல் நாள் பிராக். டிரெஸ்டனில் இருந்து போகும் ரயில் பாதை எல்பே ஆற்றை ஒட்டியே போகும். இரண்டு பக்கமும் செங்குத்தான மணற்பாறைகள். ஜன்னல் பக்கம் சீட் கிடைத்தும் நான் பாதி நேரம் ஷீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதில் இருந்து ஒரே ஓட்டம். சார்லஸ் பாலம், 1357-ல் கட்ட ஆரம்பித்தது, அரை கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் 30 சிலைகள்: இருபது நிமிடம். மேலே கோட்டை, உள்ளே புனித வீட்டஸ் பேராலயம். 1344-ல் தொடங்கிய கட்டுமானம் முழுசாக முடிந்தது 1929-ல். நம்ம ஹாஸ்டல் புது பிளாக்கை இனி நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு நாற்பது நிமிடம். பிறகு ஓடி வந்து மூன்று மணிக்குப் பழைய டவுன் ஹால் சுவரில் இருக்கிற வானியல் கடிகாரம். 1410-ல் செய்தது, இன்றைக்கும் ஓடுகிறது. ஒவ்வொரு மணிக்கும் மேலே இரண்டு சின்ன ஜன்னல் திறந்து 12 அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போவார்கள். பக்கத்தில் எலும்புக்கூடு ஒன்று மணி அடிக்கும். கடைசியில் தங்கச் சேவல் கூவும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எனக்கு முன்னால் இருநூறு பேர் கையைத் தூக்கி மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கையைத் தூக்கினேன். வீடியோவை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினேன்.

சாயங்காலம் டிராமில் போகும்போது அப்பா கூப்பிட்டார்.

"வீடியோ பாத்தேன்பா. பொம்மை நல்லா வருது. ஆமா, கீழ பெரிய டயல் ஒண்ணு பாதி தெரியுதே, அதுல எத்தனை முள்ளு?"

"ரெண்டு மூணு இருக்கும்ப்பா."

"அதுல நிமிஷ முள்ளு எது?"

"கவனிக்கலப்பா. ஒரே கூட்டம்."

"சரி சரி, பரவாயில்ல. அங்க குளிருதா? சாப்ட்டியா?"

அந்தப் "பரவாயில்ல" என்னமோ செய்தது. சின்ன வயதில் கடைக்குப் போனால் அப்பா தன் கண்ணில் மாட்டியிருக்கிற லென்ஸைக் கழற்றி என் கண்ணில் வைத்து, பேலன்ஸ் வீல் ஆடுவதைக் காட்டுவார். நான் மெக்கானிக்கல் எடுத்ததற்கே அந்த லென்ஸ்தான் காரணம். அப்படிப்பட்ட நான், அறுநூறு வருஷமாக ஓடுகிற ஒரு கடிகாரத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றுவிட்டு, அதில் எத்தனை முள் என்று பார்க்காமல் வந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அதை நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஷீட்டில் அடுத்த வரிசை காத்திருந்தது.

இரண்டாம் நாள் வியன்னா. ஷோன்புருன் அரண்மனையில் 1441 அறைகள். நமக்குக் காட்டுவது நாற்பது போல. அந்த நாற்பதையும் நான் ஒரு மணி நேரத்துக்குள் முடித்தேன். ஹெட்போனில் வர்ணனை ஓடும்போதே அடுத்த எண்ணை அமுக்கிக்கொண்டே போனேன். அடுத்து கலை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே புரூகல் 1563-ல் வரைந்த பாபேல் கோபுரம் ஓவியம் இருக்கிறது. நண்பன் அதன் முன்னால் நின்றவன் நகரவே இல்லை.

"டேய், நாலரைக்கு ஸ்டீபன் சர்ச் டவர். வா."

"இரு மாப்ள. இங்க பாரு, சக்கரத்துக்குள்ள ஆளுங்க நடந்து நடந்து கிரேன் இழுக்கறாங்க."

"போட்டோ எடுத்துக்கோ, ரூம்ல பாத்துக்கலாம்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "போட்டோல பாக்கறதுக்கு விருதுநகர்லயே பாத்திருக்கலாமேடா. நீ போ, நான் வரேன்."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. தனியாகவே போனேன். ஸ்டீபன் பேராலயத்தின் தெற்குக் கோபுரம் 136 மீட்டர் உயரம். 343 படி ஏறினேன், ஊரைப் பார்த்தேன், எட்டு நிமிடத்தில் இறங்கினேன். மேலே நின்றபோது பக்கத்தில் பேச ஆள் இல்லை என்பதுதான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

இரவு புடாபெஸ்ட் ரயிலில் அவன் அந்த ஓவியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதை, கீழ்த்தளம் முடியாமலே மேல்தளம் கட்டிக்கொண்டிருப்பதை, கல் செதுக்குகிறவர்கள் ராஜா முன்னால் மண்டியிடுவதை எல்லாம் சொன்னான். என் மொபைலில் அன்று எடுத்த 211 போட்டோ இருந்தது. என்னால் ஐந்து நிமிடம்கூடப் பேச முடியவில்லை.

மூன்றாம் நாள் புடாபெஸ்ட். உண்மையைச் சொல்கிறேன், நாலில் அழகான ஊர் இதுதான். நடுவில் டான்யூப் ஆறு. ஒரு கரை மேடான புடா, மறு கரை சமமான பெஸ்ட். இரண்டையும் இணைத்து 1849-ல் திறந்த சங்கிலிப் பாலம். போரில் 1945-ல் தகர்த்தார்கள். சரியாக நூறாவது ஆண்டில், 1949-ல், திரும்பக் கட்டித் திறந்தார்கள். மஞ்சள் நிறக் குட்டிப் பெட்டிகளோடு ஓடும் முதலாவது மெட்ரோ பாதை 1896-ல் வந்தது. அந்த ஆண்டில் நம்ம ஊரில் மெட்ரோ என்ற சொல்லே கிடையாது. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், போவதற்கு முன்பே படித்து ஷீட்டில் ஏற்றி வைத்திருந்தேன். பார்த்துத் தெரிந்துகொண்டது குறைவு. காலில் கொப்புளம் வந்து, நொண்டிக்கொண்டே டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள்தான் சங்கதி.

பிளான்படி காலை ஏழரை மணி வாக்கில் பிராட்டிஸ்லாவா ரயில். அங்கே பகல் முழுக்க சுற்றிவிட்டு, சாயங்காலம் பிராக், இரவு பதினொன்றரைக்கு டிரெஸ்டன் பஸ். நாங்கள் வியன்னாவில் இருந்து வந்து இறங்கியது கெலெட்டி ஸ்டேஷன். ஆகவே கிளம்புவதும் அங்கேதான் என்று நானே முடிவு பண்ணி, ஏழு மணிக்கு அங்கே போய் நின்றேன். போர்டில் எங்கள் ரயில் இல்லை. டிக்கெட்டை நன்றாகப் பார்த்தால் "நியுகாட்டி" என்று போட்டிருக்கிறது. எழும்பூரில் ஏற வேண்டியவன் சென்ட்ரலில் போய் நின்ற கதை. 37 இடத்தை ஷீட்டில் ஏற்றியவன் ஸ்டேஷன் பேரை ஏற்றவில்லை. இரண்டு மெட்ரோ மாறி ஓடினோம். நாங்கள் பிளாட்பாரத்துக்குப் போனபோது ரயிலின் வால்தான் தெரிந்தது. டிக்கெட்டும் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லுகிற சலுகை டிக்கெட். காசு போச்சு.

அடுத்த ரயில் இரண்டு மணி நேரம் கழித்து. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். நண்பன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ள, இந்த இரும்புக் கூரைய கட்டினது யார் கம்பெனி தெரியுமா? ஐஃபெல். 1877-ல. பாரீஸ் டவருக்குப் பன்னெண்டு வருஷம் முன்னாடி" என்றான். மொபைலில் தேடிப் பார்த்திருக்கிறான். நாலு நாளில் முதல்முறையாக நானும் ஒரு கட்டடத்தைச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். டிரஸ் எப்படி இணைகிறது, தூண் மேல் எடை எப்படி இறங்குகிறது என்று அவன் கையைக் காட்டிச் சொல்லச் சொல்ல, ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. என் ஷீட்டில் இல்லாத இடம் அது.

பிறகு டிக்கெட் கவுண்டர் முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பிராட்டிஸ்லாவாவில் இறங்கி, இருக்கிற நேரத்தில் அவசரமாக ஒரு ரவுண்டு அடிக்கலாம். அல்லது அதே ரயிலில் நேராகப் பிராக் போனால், பஸ் வரும் வரை அங்கே ஏழு மணி நேரம் கிடைக்கும். "நாலு தலைநகரம்" என்று ஏற்கனவே கிளாஸ் குரூப்பில் பெருமை அடித்திருந்தேன். அதனால் நான் சொன்னதை நண்பனால் நம்ப முடியவில்லை.

"பிராக் போயிரலாம்டா. எனக்கு அந்தக் கடிகாரத்தை மறுபடி பாக்கணும்."

பிராட்டிஸ்லாவாவில் நான் பார்த்தது ஸ்டேஷன் பெயர்ப்பலகை மட்டும்தான். அதற்காக வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கொஞ்சம் இருந்தது.

பிராக்கில் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. நண்பன் ஆற்றங்கரைக்குப் போய்விட்டான். நான் கடிகாரத்துக்கு எதிரே ஓரமாக இடம் பிடித்து நின்றேன். ஐந்து மணி ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. இந்தக் கடிகாரத்தைப் பார்க்க நல்ல நேரம் எது தெரியுமா? ஆட்டம் முடிந்த அடுத்த நிமிடம். எல்லாரும் போய்விடுவார்கள், டயல் மட்டும் உங்களுக்காக இருக்கும். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் எட்டரை மணி, கடையில்தான் இருந்தார்.

"இன்னைக்கு எத்தனை முள்ளுன்னு நீங்களே எண்ணுங்கப்பா."

மொபைலைக் கடிகாரத்தின் பக்கம் திருப்பினேன். கடையில் மேசை விளக்கை அணைப்பது தெரிந்தது. திரையில் கண் கூசக்கூடாதாம்.

"நிமிஷ முள்ளே இல்லையேப்பா!"

ஆமாம், இல்லை. அந்தக் காலத்தில் நிமிடம் யாருக்கும் தேவைப்படவில்லை. டயலின் நடுவில் பூமி. சூரியன் பதித்த ஒரு கை, அதன் நுனியில் தங்கக் கைவிரல், மணி காட்டும். நிலா பதித்த இன்னொரு கை. நிலா என்பது பாதி வெள்ளி, பாதி கறுப்பு உருண்டை. அது சுழன்று வளர்பிறை தேய்பிறை காட்டும். இவை இல்லாமல் பன்னிரண்டு ராசியும் எழுதிய ஒரு வளையம், அதுவும் சுற்றுகிறது. வெளியே இன்னொரு வளையம், சூரியன் மறைவதில் இருந்து 24 மணி எண்ணும் பழைய செக் கணக்குக்கு. மேஷம், ரிஷபம் என்று நான் குறியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அப்பா, "ஓ, நம்ம பஞ்சாங்கத்தையே சுவத்துல மாட்டி ஓட விட்டுருக்கான்" என்றார்.

"உள்ள வீலு எப்படிப்பா?"

இந்த முறை கேட்பார் என்று தெரியும். ரயிலிலேயே படித்து வைத்திருந்தேன். பழைய அமைப்பில் ஒரே மையத்தில் மூன்று பெரிய பல்சக்கரங்கள். ராசி வளையத்துக்கு 365 பல். சூரியனுக்கு 366 பல். நிலாவுக்கு 379 பல். மூன்றையும் ஓட்டுவது 24 பல் உள்ள ஒரே அளவு பினியன். இதைச் சொல்லிவிட்டு, சைடீரியல் நாள், சோலார் நாள் என்று செமினார் மாதிரி விளக்கத் தயாரானேன்.

"இருப்பா, இரு" என்றார். பேப்பரில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் இருக்கும்.

"சூரியன் ஒரு சுத்து வந்தா 366 பல்லு நகரும். ராசிக்கு 365-தானே? அப்ப அது ஒரு சுத்து முடிச்சு ஒரு பல்லு கூட போயிருது. தினம் ஒரு பல்லு. 365 நாள் ஆனா ஒரு முழுச் சுத்து முந்திரும். அதான் சூரியன் வருஷத்துல பன்னெண்டு ராசியும் சுத்தி வர்றது! சரியா?"

சரி. முழுக்க முழுக்கச் சரி.

"நிலாவுக்கு தினம் பதிமூணு பல்லு பின்தங்குது. 379-ஐ பதிமூணால வகுத்தா இருபத்தொன்பதும் சில்லறையும். அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள். கொஞ்சம் தப்புது. அப்பப்ப யாராவது கையால திருப்பி வைக்கணும்" என்றவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அறுநூறு வருஷம் முன்னாடி ஒருத்தன் உக்காந்து இத்தனை பல்லையும் அரத்தால ராவியிருக்கான்பா" என்றார்.

அப்பா படித்தது பத்தாம் வகுப்பு. தியரி ஆஃப் மெஷின்ஸில் எனக்கு நல்ல மார்க். கியர் ட்ரெயின் கணக்கு எத்தனையோ போட்டிருக்கிறேன். ரயிலில் அந்த மூன்று எண்ணையும் நான் மனப்பாடம்தான் செய்திருந்தேன். அவை எதற்காக அந்த எண்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆறு மணி ஆட்டத்தை அப்பாவும் நேரலையில் பார்த்தார். அன்றைக்கு ஒன்பது மணிக்கு மேல்தான் கடையைச் சாத்தினாராம். அம்மா போனை வாங்கி, "உங்கப்பா இன்னும் சாப்பிடவே இல்ல, போதும் வைடா" என்று சொல்லும் வரை நான் அங்கேயே நின்றேன். பிறகு நண்பனும் வந்து, பஸ் நேரம் வரை சார்லஸ் பாலத்தில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் இருபது நிமிடத்தில் கடந்த அதே பாலம்.

சரி, ஜூனியர்களுக்கு. நேரம் குறைவாக இருக்கும்போது நிறைய ஊர் போகாதீங்க என்று நான் சொல்ல வரவில்லை. போங்க. வயசும் சலுகை டிக்கெட்டும் இருக்கும்போது போகாமல் எப்போது போவது? சில விஷயம் மட்டும் சொல்கிறேன்.

டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயரை இரண்டு முறை படியுங்க. பெரிய ஊர்களில் மூன்று நாலு ஸ்டேஷன் இருக்கும். ஊருக்குள் சுற்ற 24 மணி நேர பாஸ் பெரும்பாலும் லாபம். செக்கில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட், மற்ற இடங்களில் யூரோ. கார்டே போதும், பணம் மாற்றும் கடையில் ஏமாறாதீங்க. வியன்னாவில் தண்ணீர் பாட்டில் வாங்காதீங்க. அங்கே குழாயில் வருவது மலை ஊற்றுத் தண்ணீர், 1873-ல் போட்ட பாதையில் பம்பே இல்லாமல் சரிவில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும். சனிக்கிழமையே பிரெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்க.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒரு இடத்தை, வீட்டில் யாராவது ஒருத்தருக்காகப் பாருங்க. அம்மாவுக்காக ஒரு காய்கறிச் சந்தை, தாத்தாவுக்காக ஒரு ரயில் இன்ஜின், யாருக்கு எதுவோ அது. அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிற அளவுக்கு அங்கே நில்லுங்க. மற்றதை எல்லாம் ஓடிக்கொண்டே பார்த்தாலும் பரவாயில்லை.

ஊருக்குத் திரும்பி வந்து கடைக்குப் போனேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில், பழைய சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு துண்டுப் பேப்பர் செருகியிருந்தது. பென்சிலில் மூன்று வட்டம், 365, 366, 379. பேட்டரி மாற்ற வருகிறவர்கள் என்னவென்று கேட்டால் அப்பா வேலையை நிறுத்திவிட்டு முதலில் இருந்து விளக்குகிறார். பிராக் போய்ப் பார்த்தவர் மாதிரியே சொல்கிறார். நான் பக்கத்தில் நின்றாலும் குறுக்கே பேசுவதில்லை.